ஒற்றைக் கைக்குப் பிரியும் டப்பா

அன்பு மகள் மதுமதிக்கு,

அப்பா எழுதுகிறேன் அம்மிணி. நீயும் மாப்பிள்ளையும் பேரன் நிதிஷும் அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன், ஆனால் நீ நர்ஸ், அப்படி எழுதினால் நம்பமாட்டாய். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். எனக்கு முட்டிவலி, அது வழக்கம்போல. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, போன வாரம் டாக்டர் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நடை தேவலை என்றார். வாதம் வந்த வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தோளிலிருந்து தூக்குகிறாள், விரலை மடக்குகிறாள், ஆனால் பிடிமானம் வரவில்லை. வீடியோவில் நீ பார்க்கும்போது அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறாள், உனக்கும் அது தெரியும் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். இரு. எனக்கும் கோபம்தான். நம் அருள்புரம் சாப்பாட்டுக் கடை இருக்கிற கட்டடத்து லிங்கசாமி அண்ணனுக்கு நீ அங்கிருந்தே போன் போட்டு, தை பிறந்ததும் கடையைக் காலி செய்துவிடுகிறோம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர் நேரே கடைக்கு வந்து, “ஏனப்பா நஞ்சப்பா, பாப்பா இப்படிச் சொல்லுதே, நெசந்தானா” என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் அம்மா பக்கத்தில் தக்காளிச் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள், கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். தன் கடை மூடப்போகிற சேதியை அவள் கட்டடத்துக்காரர் வாயால் கேட்டாள் கண்ணு. நீ பாசத்தில்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போனில் இதைப் பேச ஆரம்பித்தால் நீயும் சத்தம் போடுகிறாய், நானும் சத்தம் போடுகிறேன், அவள் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அதனால்தான் கடுதாசி. இதைக் குறுக்கே பேசாமல் கடைசிவரை படித்தாக வேண்டும், அது ஒன்று நல்லது.

கடையில் நடந்ததை ஆயம்மாள் உனக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். கடையில் கூடமாட வேலை செய்கிறவள், அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறாள், வாய்தான் நிற்காது. அவள் எதைக் கூட்டிச் சொன்னாளோ எதைக் குறைத்துச் சொன்னாளோ, நானே சொல்கிறேன். நம் கம்பெனியில் பனியன் பெட்டி வெட்டுகிற அதே மிஷினில் சாப்பாட்டு டப்பாவும் வெட்டி மடித்துக் கடைக்குக் கொடுத்து வருகிறேன் அல்லவா, அதை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித்தான் கட்டாகக் கட்டுவோம். கட்டிலிருந்து எடுக்கும்போது ஒன்றை இழுத்தால் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு கையும் நன்றாக இருக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அடியில் இருப்பதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேலே இருப்பதை ஒரு திருகு திருகினால் கழன்றுவிடும். அன்றைக்கு மத்தியானம் கம்பெனிகள் சாப்பாட்டுக்கு விட்ட நேரம், வாசல் வரை கூட்டம், ஆயம்மாள் சோற்றுப் பாத்திரம் எடுக்க உள்ளே போயிருக்கிறாள். அம்மா இடது கையால் டப்பாவை இழுத்திருக்கிறாள், இரண்டாக வந்திருக்கிறது. மேசையில் தட்டிப் பார்த்திருக்கிறாள், இடுப்பில் அணைத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள், பிரியவில்லை. அவசரத்தில் ஒரு டப்பாவின் விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டாள். முன்னால் நின்றது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிற ஒரு பெண், சின்னப் பெண், மரியாதையாகத்தான், “அக்கா, வேற டப்பால தர்றீங்களா” என்று மெதுவாகக் கேட்டிருக்கிறது. அம்மா வேறு டப்பாவில் கொடுத்துவிட்டு, பின்னால் சிலிண்டர் வைத்திருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்க் கூப்பிட்டபோது, “எனக்கே அருவருப்பா இருக்குதுங்க” என்றாள். நீ அங்கே அழுதாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் இங்கே யாருக்கும் தெரியாமல் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ உடனே கடையை மூடு, அம்மாவை இங்கே அனுப்பு என்றாய். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. கையில் கோளாறு, அது இருக்கட்டும், டப்பாவில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டியது யார், டப்பா செய்கிறவன்தானே. முதலில் அட்டையின் பூச்சைக் குறை சொன்னேன், அப்புறம் மார்கழி ஈரத்தைக் குறை சொன்னேன், பசை போட்டவனைத் திட்டினேன். எல்லாரையும் திட்டி முடித்த பிறகுதான் என் மேலேயே சந்தேகம் வந்தது. நான் பனியன் பெட்டிக்காரன் அம்மிணி. மூடி போட்டால் ஆடக்கூடாது, ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக உட்கார வேண்டும், அதைத்தான் நல்ல பெட்டி என்று இத்தனை காலம் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். அதே புத்தியில் டப்பாவையும் சிக்கென்று அடங்குகிற மாதிரி வரைந்து, அட்டை வெட்டுகிற அச்சும் அடித்து வைத்திருக்கிறேன். பற்றாக்குறைக்குக் கட்டுக் கட்டும்போது முழங்காலைப் போட்டு வேறு அழுத்துகிறோம். பிறகு எப்படிப் பிரியும்.

டப்பாவுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்துப் பார்த்தேன், காகிதத்தை எடுக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. பக்கங்களை இன்னும் சாய்வாக்கிப் பார்த்தேன், சோறு குறைவாகப் பிடித்தது, தயிர்ச் சாதம் மேசையில் நிற்காமல் சாய்ந்தது. அடிப்பக்கம் சின்னச் சின்னக் குமிழ் வருகிற மாதிரி அழுத்தி எடுத்தேன், கட்டுப் போட்டதும் குமிழ் எல்லாம் நசுங்கிப் போயிற்று. ஒவ்வொன்றையும் நான் சோதித்துப் பார்க்கும்போது நன்றாகத்தான் பிரிகிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மா கையில் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்துவிட்டது, நீ சரியாக இழுக்கவில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். மறுநாள் கம்பெனியில் என் வலது கையை ஒரு துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். பசங்களெல்லாம், “மொதலாளிக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க” என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். கட்டிக்கொண்டு இடது கையால் டப்பாவை எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒற்றைக் கையால் திருக முடியாது கண்ணு. நேரே மேலே தூக்கத்தான் முடியும். அப்படித் தூக்கும்போது மேலே இருப்பது கையோடு வரவேண்டும், கீழே இருப்பது தன் பாட்டில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நான் அதுவரை செய்து பார்த்ததெல்லாம் திருகிப் பிரிக்கிறவனுக்கான டப்பா. அன்றைக்குச் சாயங்காலம் வரை கையை அவிழ்க்கவில்லை. டீ டம்ளரைக் கொட்டினேன், கண்ணாடியைத் துடைக்க முடியாமல் தவித்தேன், சட்டைப் பையிலிருந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. உன் அம்மா ஒரு வருஷமாக இப்படித்தான் இருக்கிறாள், ஒரு நாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

இப்போது செய்திருக்கிறது என்னவென்றால், டப்பாவின் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து, பனியனுக்கு அடி மடித்துத் தைப்பார்களே அது மாதிரி, கீழே இறக்கி ஒட்டிவிட்டேன். நான் இதைச் செய்ததே அட்டையின் ஓரம் அவள் விரலைக் கீறுகிறது என்பதற்காகத்தான். அடுக்கிப் பார்த்தால், மேல் டப்பாவின் மடிப்பு கீழ் டப்பாவின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு மேல் உள்ளே இறங்குவதில்லை. பக்கம் பக்கத்தைத் தொடாமல் நடுவில் காற்று ஓடுகிறது. விரலைக் கொடுத்துத் தூக்கவும் மடிப்பில் பிடி கிடைக்கிறது. குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா, சரக்கைச் சோதிக்கப் பையர் அனுப்பின ஆள் மாதிரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “மேல இருக்கறது சுளுவா வருதுங்க, அடியில இருக்கறது இன்னும் ஒட்டுது” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் சொன்னது சரிதான், அடியில் இருப்பதன் மேல் பாரம் அதிகம், மடிப்புப் போதவில்லை. மடிப்பை அகலமாக்கி மறுபடி கொண்டுபோனேன், விளிம்பு தடிப்பாக இருக்கிறது, மூடி நிற்கவில்லை என்றாள். மூடியை மாற்றினேன். நாக்குத் தள்ள வைத்துவிட்டாள். ஆனால் வாதம் வந்த பிறகு அவள் என்னிடம் இவ்வளவு அதிகாரமாகப் பேசி நான் கேட்டதில்லை, அதற்காகவே இன்னும் நாலு தரம் தப்பாகச் செய்யலாமா என்றிருந்தது.

திங்கட்கிழமை கடையில் அந்த டப்பாவை வைத்தோம். நான் ஓரமாக நின்றேன். அம்மா இடது கையால் தூக்கினாள், ஒன்று வந்தது. அதை மேசையில் வைத்து, வலது முழங்கையால் அணைத்துக்கொண்டு சோறு போட்டாள், மூடினாள், கொடுத்தாள். அடுத்ததைத் தூக்கினாள், ஒன்றுதான் வந்தது. கொஞ்சம் மெதுவாகத்தான் செய்கிறாள், நான் பொய் சொல்ல மாட்டேன். சோறு கொஞ்சம் வெளியே சிந்துகிறது, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆயம்மாள் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் யாரும் அவசரப்படுத்தவில்லை, அவளும் கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள், இந்தி தெரியாமலேயே வடநாட்டுப் பசங்களைக் காரம் போதுமா என்று விசாரிக்கிறாள். அன்று மத்தியானம் ஆன பிறகு என்னைக் கூப்பிட்டு, “மகளுக்கு நீங்களே சொல்லிப்போடுங்க, நான் எங்கீயும் வரலீங்க, கடையையும் உடலீங்க” என்றாள். நீயே சொல்லேன் என்றேன். “நாஞ் சொன்னா அழுதுபோடுவனுங்க, அப்புறம் அவ சொல்றதுக்குத் தலையாட்டிப்போடுவேன்” என்றாள்.

நீ கேட்ட கேள்வி ஒன்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடையில் நிற்கும்போது மறுபடியும் வாதம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் அப்பா என்று கேட்டாய். அதையே டாக்டரிடம் கேட்டேன், வேலை செய்யலாம், அடுப்பு முன்னால் வெகுநேரம் நிற்க வேண்டாம், மாத்திரை விடக்கூடாது என்றார். அடுப்பு வேலையை ஆயம்மாளிடம் விட்டாயிற்று, உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டாயிற்று. அதற்கு மேல் எனக்கும் பயம்தான். ஆனால் வாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு கடை பூட்டியிருந்த அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்கு அந்தப் பயம் இதைவிடப் பெரியது.

வேறு சேதி, இங்கே பனி அதிகம், காலையில் எதிரே வருகிற பஸ் தெரிவதில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி அம்மா நெய் உருக்கி வைத்திருக்கிறாள், பார்சலில் போடலாமா என்று விசாரித்துச் சொல். நிதிஷ் சோறே தொடுவதில்லை என்கிறாய், அதட்டாதே, பசித்தால் தானாகச் சாப்பிடுவான், உன்னை அப்படித்தான் வளர்த்தோம். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் மாப்பிள்ளையிடம் பிள்ளையை விட்டுவிட்டுத் தூங்கு, எல்லாவற்றையும் நீயே தலையில் போட்டுக்கொள்ளாதே. தூரத்தில் இருக்கிறாய், கைக்கு எட்டாத இடத்தில் அம்மா இருக்கிறாள், அதனால்தான் அங்கிருந்தே எல்லாவற்றையும் பூட்டிப் பத்திரமாக வைக்கப் பார்க்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை சாமி.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். லிங்கசாமி அண்ணன் தை பிறக்கும் வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார், அவரிடம் நானே பேசிக்கொள்வேன், அது பெரிய காரியமில்லை. நீ அம்மாவுக்குப் போன் போடு. காலையில், அவள் கிளம்புகிற நேரம் பார்த்துப் போடு. கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, மாத்திரை போட்டாயா என்றும் கேட்காதே, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். கடைக்குப் போயிட்டு வாம்மா என்று உன் வாயால் ஒரு தரம் சொல். நான் தினமும் சொல்கிறேன், அவளுக்கு அது போதவில்லை.

அன்பு அப்பா,
நஞ்சப்பன்