மீன் உள்ளே போன மதியம்

தியேட்டர் லாபியில் உங்கள் படத்தை வைத்திருக்கிறார்கள். சாமந்தி மாலை, ஊதுபத்தி, எல்லாம் முறைப்படி. யாரோ கைபேசியில் எடுத்ததைப் பெரிதாக்கியதால் முகம் மங்கலாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள், மேனேஜர் சார். இந்த பிம்ப்ரி ஊர் ஜனங்களுக்குத் திரையில் நீங்கள் இத்தனை வருஷம் காட்டியதும் இதே தரம்தான்.

இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று என் கணவர் கேட்டார். முகத்துக்கு நேரே சொல்லாத எதையும் நான் எழுதவில்லை.

நான் ப்ரொஜெக்டர் ஆபரேட்டர். நீங்கள் என் அறைக்கு வருவதே செலவு மிச்சமாக விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லத்தான். சாதாரணப் படம் ஓடும்போது லென்சுக்கு முன்னாலிருக்கும் 3டி ஃபில்டரை நகர்த்தாவிட்டால் திரை இருண்டு கிடக்கும்; அதையும் நகர்த்த விடமாட்டீர்கள். "யாரு அம்மணி கவனிக்கப் போறாங்க? பாப்கார்ன் சூடா இருந்தாப் போதும் அவங்களுக்கு" என்பீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் 3டி படம் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தாபோடியிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனும் மகளும் பாதியில் வெளியே வந்தார்கள். சின்னப் பெண். அழுதிருந்தாள். நான் உங்கள் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் இந்தியில் ஆரம்பித்து, நாம் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"சார், பொண்ணுக்கு மாறுகண் ஆபரேஷன் ஆகி கொஞ்ச நாள்தான் ஆச்சு. இனிமே தூரம் கிட்டம் எல்லாம் சரியாத் தெரியும்னு டாக்டர் சொன்னார். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். இவளுக்கு எல்லாமே உல்டாவாத் தெரியுதாம்."

"மீன் உள்ளே போகுது. பின்னாடி இருக்கிற பாறை முன்னாடி வருது" என்றாள் அவள்.

நீங்கள் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே. ஆபரேஷன் சரியா ஆகலையோ என்னமோ. டாக்டரைப் பாருங்க."

உள்ளே அரங்கம் முழுவதும் தலைவலியோடு சும்மா உட்கார்ந்திருந்தது. சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். முந்தைய நாள் ப்ரொஜெக்டர் சர்வீஸுக்கு வந்தவர்கள் இடக்கண்ணுக்கான படம் வலக்கண்ணுக்குப் போகும்படி மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், ஒரு செட்டிங்தான். மாத்திடறேன்."

"ஓடற படத்துல கை வைக்காதே. நின்னு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இந்தக் குழந்தைக்கு யாரு பதில் சொல்றது? உங்களுக்கு வெக்கமா இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு மேலே போனேன். மாற்றியபோது படம் ஒரு கணம் துடித்தது. அவ்வளவுதான். கீழே வந்து அவர்களை மறுபடி உள்ளே அழைத்துப் போனேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு முன் இருக்கைக்கு மேலே கையை நீட்டி, விரல்களை மெதுவாக மூடினாள்.

"அப்பா, கிட்ட வந்துச்சு."

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் அவர் கைகூப்பியது உங்களிடம். நீங்களும் கூசாமல் வாங்கிக்கொண்டீர்கள். "எங்க தியேட்டர்ல அப்படியெல்லாம் விட்டுட மாட்டமுங்க."

இன்று இரங்கல் கூட்டத்தில் முதலாளி இதே கதையைச் சொன்னார். ஒரு குழந்தையின் கண்ணுக்காக ஓடும் படத்தையே சரிசெய்ய வைத்த மனிதராம் நீங்கள். உங்கள் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நெசமா அம்மணி? வீட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"ஆமாங்க" என்றேன். அந்தப் பொய் அவருக்காக. உங்களுக்காக இல்லை.

இப்போதெல்லாம் 3டி காட்சிக்கு முன்னால் காலி அரங்கில் உட்கார்ந்து, இடம் வலம் மாறியிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன், பிறகு மறு கண்ணை. ஒவ்வொரு முறையும் உங்கள் மேல் கோபம் வருகிறது. அது தணிந்துவிட்டால், பார்க்காமலே படத்தை ஓட்டும் நாளும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். அதனால் உங்களை மன்னிக்கப் போவதில்லை, சார்.