மங்கலான மீன்

மங்வோன், சியோல்
சூசோக் விடுமுறை, இரண்டாம் நாள்

அன்புள்ள யூஜோங் அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். இங்கே உங்கள் தம்பி தோக்யுவும் பிள்ளையும் தூங்கிவிட்டார்கள். பெர்லினில் இன்னும் பொழுது சாயவில்லை என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா? நான் அனுப்பிய கடற்பாசிப் பொட்டலம் வந்து சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடாமல் நீங்களும் சாப்பிடுங்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பெட்டியின் விளக்குகளுக்காக நீங்கள் அனுப்பிய சிப் வேலை செய்கிறது. வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஏன் இப்படி இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தோக்யு பாட்டு வாசிக்கும் அந்தப் பழைய பொத்தான் பெட்டியை நானேதான் பிரித்தேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேனே, இதையாவது செய்வோம் என்று. பழைய சிப்பை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. அதன் கால்களில் ஒன்று மட்டும் பலகையை விடவே இல்லை. சால்டரிங் சூடு அதிகமாகி, பலகையில் மின்சாரம் ஓடும் செப்புக் கோடு ஓரிடத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டது. உங்கள் அருமைத் தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு, "அது என் பொழைப்பும்மா, சாப்பாட்டு மீனு இல்ல, பாத்து வறு" என்று கிண்டல் வேறு. ஆனால் புதுச் சிப்பை வைத்து மின்சாரம் கொடுத்ததும் அவர் வாய் மூடிவிட்டது. முன்பெல்லாம் பொத்தான் விளக்குகள் எரியும், இல்லையென்றால் அணையும், அவ்வளவுதானே? இப்போது மெல்ல ஏறி மெல்ல இறங்கின. "இப்பத்தான்டி இந்தப் பெட்டிக்கு மூச்சு வந்திருக்கு" என்றார். சனிக்கிழமை ஹொங்தேயில் அவருக்கு நிகழ்ச்சி. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்காத குறை.

குழப்பம் மாருவிடமிருந்து வந்தது.

அவனுக்கு நாலரை வயது ஆகிறது. அப்பாவும் பிள்ளையும் இந்தப் பெட்டியில் மீன் பிடிப்பார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பொத்தானை எரியவிடுவார் தோக்யு. அதுதான் மீன். அது நகர்ந்துகொண்டே இருக்கும், இவன் துரத்தி அமுக்க வேண்டும். பழைய சிப் இருந்தவரை அவன் கையிலிருந்து ஒரு மீனும் தப்பியதில்லை. புதுச் சிப் வந்ததும், மீன் ஆழத்துக்குப் போவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்படி அவர் அமைத்தார். பாதி மங்கும்போதே மாரு கையை எடுத்துவிட்டான். "மீன் போயிடுச்சுப்பா" என்றான். போகவில்லை அக்கா. எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. இருட்டு அறையில் அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

அன்று சிரித்தோம். மறுநாளும் அதே கதை. "உன் சால்டரிங் லட்சணம்" என்றார். மறுபடி பிரித்தேன். நீங்கள் உபரியாக வைத்திருந்த இன்னொரு சிப்பைப் போட்டேன். அப்படியேதான் இருந்தது. ஓரத்து வரிசைப் பொத்தான்கள் கொஞ்சம் பிரகாசமாக எரிந்தால்கூட அவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு என்னால் எதையும் சும்மா பார்க்க முடியவில்லை. சாயங்காலமானால் சுரங்க ரயில் படியில் இறங்க மாட்டேன் என்று என் காலைக் கட்டிக்கொள்கிறானே, சினிமா கொட்டகையில் கத்தி ஊரைக் கூட்டினானே, எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது. "பயந்தாங்கொள்ளிப் பய, அவங்கம்மா மாதிரி" என்று தோக்யு சொல்லிச் சொல்லி நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

நேற்று சூசோக் பண்டிகைக்குச் சோங்பியோன் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார். "வா, வந்து பாரு, உன் மவன் எல்லா மீனையும் புடிக்கிறான். சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத." ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். மங்கல் மீன், ஓரத்து மீன், எதுவும் தப்பவில்லை. மாவுக் கையோடு அவனைத் தூக்கிக் கொஞ்சினேன். அவ்வளவு நிம்மதி அக்கா, அழுகையே வந்துவிட்டது. அவர் என் தலையில் தட்டி, "டாக்டர் மேடம், உங்க கண்ண மொதல்ல காட்டுங்க" என்றார்.

ஆனால் ராத்திரி படுத்த பிறகு ஒன்று உறுத்தியது. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சுரம் உண்டு. மீன் நகரும்போது சுரமும் நகரும். இன்று காலை தோக்யு குளிக்கப் போன நேரம் பார்த்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒலியைச் சுத்தமாகக் குறைத்து, மீனை விட்டேன்.

மாரு கையைத் தூக்கியபடி காத்திருந்தான். பிறகு உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துத் தடவினான். எரிந்துகொண்டிருந்த பொத்தானை அவன் விரல் தாண்டிப் போனது. "அம்மா, பாட்டு போடும்மா, மீன் எங்கன்னு தெரியல" என்றான். பிறகு என் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிற மாதிரி பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாத" என்றான்.

நான் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்தவர் பாட்டுப் பாடிக்கொண்டே தலை துவட்டினார். சனிக்கிழமை நிகழ்ச்சி முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் மருத்துவமனையில் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கியிருப்பதையும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. என் தாய்மாமா ஒருவரைக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்துவைத்தவன் என்று வீட்டில் எல்லோரும் கேலி பேசுவார்கள். இருட்டினால் அவர் வெளியே கிளம்ப மாட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நேற்றுப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல அம்மா போனில் பேசினாள். மாமாவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கான், நீ சாப்டியா" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சிப்பை மாற்றும்போது அதன் பக்கத்தில் உள்ள ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டும், அதுதான் எல்லா விளக்குகளுக்கும் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது என்று எழுதியிருந்தீர்கள். நான் மாற்றவில்லை. செப்புக் கோடு ஏற்கெனவே தூக்கியிருந்ததால் அந்த இடத்தில் மறுபடி சூடு காட்டப் பயந்து, பழையதையே விட்டுவிட்டேன். பழைய ரெசிஸ்டரோடு புதுச் சிப் இருந்தால் விளக்குகள் தேவைக்கும் குறைவாக எரியும், இல்லையா? பெரியவர்களுக்குத் தெரிந்து, குழந்தைக்கு மட்டும் தெரியாத ஒரு மங்கல் உண்டா அக்கா? நீங்கள் எத்தனையோ பெட்டிகளுக்கு இந்தச் சிப்பைப் போட்டிருக்கிறீர்கள். எந்த வீட்டிலாவது ஒரு சின்னப் பிள்ளை இப்படிச் செய்ததாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? பாதி வெளிச்சத்திலேயே மீனைத் தொலைத்துவிட்டு நிற்பது சகஜம்தானா?

நான் படித்தவள், இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியாதா என்று நினைப்பீர்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் ரெசிஸ்டர்தான் என்று தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் அவன் கை தடவியது ஞாபகம் வருகிறது. நீங்கள் கொடுத்த புது ரெசிஸ்டர் என் முன்னால்தான் இருக்கிறது. மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சாயங்காலம் சால்டரிங் இரும்பைச் சூடேற்றினேன். புகை வந்ததும் அணைத்துவிட்டேன். மாற்றியும் அவனுக்கு மீன் தெரியவில்லை என்றால், அப்புறம் பழி போட எதுவும் மிச்சமிருக்காதே.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் சால்வை இல்லாமல் வெளியே போகாதீர்கள். மாரு உங்களை எப்போதும் கேட்கிறான், நீங்கள் வந்தால் உங்களுக்கும் மீன் பிடித்துக் காட்டுவானாம்.

ரெசிஸ்டர்தான் காரணம் என்றால் ஒரு வரி போதும். இல்லையென்றாலும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
ஹேவோன்