காரில் நின்ற தண்ணீர்

நம்ம ரிஹானாவோட அத்தாவுக்கு,

பாம்பூஃப்ளாட் ஃபெர்ரிப் படகுல நான் கார் கண்ணாடிய இறக்கினதாலதான் கடல் தண்ணி உள்ள வந்துச்சு, இனி துருதான்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்களே. கார் மேட் மேல நின்ன தண்ணிய இன்னிக்கு நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்பே இல்ல. வெறும் மழைத் தண்ணி.

ரிஹானா வெளிய இருந்து பைப்புல தண்ணி அடிக்க, நான் உள்ள குனிஞ்சு பாத்தேன், கால் வெக்கிற எடத்துல சொட்டுச்சு. முன்கண்ணாடிக்குக் கீழ தண்ணி வடியற ஓட்டைய வாதாம் இலை அடைச்சிருந்துச்சு. நிழல்னு அந்த மரத்தடியில நிறுத்துறது யாரு? இலையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப சொட்டுக்கூட வரல. அல்ஹம்துலில்லாஹ், மனசு லேசாச்சு.

நாங்க அதே கார்ல லம்பா லைன் ஏரியா வரைக்கும் போறோம். மேட் மாடியில காயுது, மழை வந்தா எடுத்து வைங்க. மீன் தலை உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்.

மெஹர்பானு

குழம்புல உப்புப் பத்தலன்னு சொல்றதுக்கு முன்னாடி, நாக்குல வெச்சுப் பாருங்க.