பரணிலிருந்து இறங்கிய ஹார்மோனியம்

ஏன்னா,

நேற்று நம் பெண் ரோஹிணி பேசின பேச்சில் கல்கத்தா கரியாஹாட் கடைத்தெருக் கூட்டமே மூச்சு விடாமல் நின்றது. நம்ப மாட்டீர்கள். சரி, கூட்டமில்லை, எதிர் ஃப்ளாட் மினதி பௌதி, நம் பெங்காலி அண்ணி, மட்டும்தான். கொலு பார்க்க வந்தவளிடம் ஒவ்வொரு பொம்மையும் எங்கே வாங்கினது, எதற்கு எந்த விரல் உடைந்தது என்று பெங்காலியில் பொழிந்து தள்ளிவிட்டாள். பௌதிக்கே வாய் திறக்க இடமில்லை!

நான் கோயிலுக்குப் போகிறேன். காலிங் பெல் அடித்தால் குழந்தை பதறுவாள்; இந்தச் சீட்டோடு சாவியையும் பௌதியிடம் கொடுத்திருக்கிறேன், திறந்துகொண்டு வாருங்கள். சுண்டல் வெந்தாச்சு, தாளிக்க வேண்டியதுதான்.

அதிருக்கட்டும், பரணில் கிடந்த ஹார்மோனியம் கொலுவுக்குப் பக்கத்தில் எப்படி வந்தது? ரிடயரானாலும் பேங்கில் கள்ளக் கையெழுத்துப் பிடித்த கண் இது. சாயந்திரம் வருகிறவர்கள் முன்னால் அவளைப் பாடச் சொல்லப் போகிறீர்கள். "பதினஞ்சு வயசாச்சு, பழகினா கூச்சம் போயிடும்" என்பீர்கள். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? நாலு பேர் சிரிப்பார்களோ என்கிற பயமும் ஆட்டிசத்தின் சாயலும் வெளியே ஒரே கூச்சமாகத்தான் தெரியுமாம். இவளுக்கு இரண்டும் இருக்கலாமாம். பாட்டு வேண்டாம். பொம்மையைப் பற்றிக் கேளுங்கள்.

பட்டு

பி.கு.: ஹார்மோனியத்தை ஒளித்துவிட்டேன். தேடாதீர்கள்.

பட்டு, உன் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். வழக்கம்போல் அளக்கிறாய் என்றுதான் நினைத்தேன். சோதித்துப் பார்க்க, செட்டியார் பொம்மைக்கு மூக்கு எப்படிப் போச்சு என்று கேட்டேன். "நீங்கதாம்ப்பா உடைச்சேள்" என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. நீ எழுதினது அத்தனையும் நிஜம். கேட்டுக்கொண்டே தாளித்ததில் சுண்டல்தான் தீய்ந்துவிட்டது.

மஹாதேவன்