விளக்கெண்ணெய் மூன்று பங்கு

புரட்டாசி 6, திங்கள்

விடியும்போதே மழை. பெரட்டில் ஆள் எண்ணி முடிந்ததும், கணக்கு எழுதும் பெரிய கிராணி என்னையும் மாணிக்கத்தையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு இந்த ரப்பர் தோட்டத்திலிருந்து நாற்பது பேர் போக வேண்டுமாம். பட்டியலில் எங்கள் இருவர் பெயரும்.

"லாரி ஓடுனா நீ டிரைவரு, இவன் உனக்கு ஒத்தாச பண்ற கெலிண்டான். ரெண்டு பேரையும் விட்டுருவானுங்க. லாரி படுத்துக்கிச்சுன்னா நீங்களும் வெறும் ஆளுங்கதான். அப்புறம் என் கையில ஒன்னும் இல்ல லா."

வெள்ளிக்கிழமை ஜப்பான் அதிகாரி வருகிறான். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு குருண் ஸ்டேஷன் போய்த் திரும்ப வேண்டும். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். அதுதான் பரீட்சை.

லாரியின் நிலை, பொய் இல்லாமல்:
பெட்ரோலுக்குப் பதில் பின்னால் கட்டிய கரியடுப்பின் வாயு. சரி.
டயர். மூன்று சுமார், ஒன்று கடவுள் விட்ட வழி.
எஞ்சின் எண்ணெய். அடியில் தார் போலக் கொஞ்சம். அவ்வளவுதான்.

வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு ஸ்டோரில் ஒரு டின் கூட வரவில்லை. இருந்ததை வடிகட்டி வடிகட்டி இத்தனை நாள் ஓட்டினேன்.

மாணிக்கம் என் பெண்டாட்டி சரசுவின் தம்பி. அவன் பிள்ளைக்கு நாலு மாதம். போன தடவை சயாமுக்குப் போனவர்களிடமிருந்து இதுவரை ஒரு கடுதாசி இல்லை.

சரசுவிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் எந்த ரகசியம் நிற்கும்!

புரட்டாசி 7, செவ்வாய்

மழை விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் எங்கள் டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சு வெடுக்கென்று இருக்கும், மனசு தங்கம். அலமாரிக்குப் பின்னால் அரை டின் விளக்கெண்ணெய் ஒளித்து வைத்திருந்தார்.

"இது பிள்ளையளின்ட வயித்துக்கு வச்சிருக்கிறன். உம்மட லொறிக்கு வயித்தால போனா என்னைக் கேக்கக் கூடாது, கண்டீரோ?"

சிரிக்காமல் சொன்னார். டின்னையும் அவரே தூக்கிக் கொடுத்தார். இந்த மாதம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேதி மருந்து இல்லை. அதுகள் எனக்குக் கோயில் கட்ட வேண்டும்.

சரசு தேங்காய் எண்ணெய் இரண்டு போத்தல் கொடுத்தாள். தலைக்கு வைத்திருந்தது.

இனி வி.எ., தே.எ. என்றே எழுதுகிறேன். கை வலிக்கிறது.

முதலில் கொஞ்சம் வி.எ.யைப் பழைய கறுப்பு எண்ணெயோடு குலுக்கிப் பார்த்தேன். சேரவில்லை. தனித்தனியாக நின்றது, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. ஆகவே பழையதை முழுக்க வடித்து, உள்ளே தே.எ. விட்டு அலசி, அதையும் வடித்தோம். சாயந்தரம் வெறும் வி.எ. ஊற்றினோம்.

புரட்டாசி 8, புதன்

இருட்டோடு எழுந்து, எஞ்சினைச் சுற்றிவிட ஹேண்டில் போட்டோம். அசையவில்லை. வி.எ. குளிரில் பாகாகிவிட்டது. மாணிக்கம் தொங்கியே பார்த்தான். கால் சுற்று திரும்பி நின்றது.

"மச்சான், ரொம்பக் கெட்டி. தேங்கா எண்ணெய ஊத்து."

ஊற்றினேன். கொஞ்சம் ஊற்றுவது, ஹேண்டில் போடுவது. பாதிக்குப் பாதி வந்ததும் லேசாகச் சுற்றியது. எஞ்சின் பிடித்தது. மாணிக்கம் கை தட்டினான். நான் விசில் அடித்தேன்.

சுங்கை லாலாங் பக்கம் வெள்ளோட்டம். மூன்று மைல் ராஜா மாதிரி போனோம். சூடு ஏற ஏற எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. நாலாவது மைலில் பேரிங் தட்ட ஆரம்பித்தது. டக் டக் டக். உடனே நிறுத்தினேன். ஆற வைத்து, ஊர்ந்து, மறுபடி ஆற வைத்து, தோட்டம் வந்து சேரப் பகல் போய்விட்டது.

மாணிக்கம் வழியெல்லாம் ஒரே கேள்வி. "சயாம்ல எம்புட்டு நாளு வைப்பானுங்க மச்சான்?"

தப்பு என்னுடையதுதான். தோட்டத்துப் புத்தி. நமக்கு எல்லாமே விடியற்காலை. மரம் சீவுவது விடியற்காலை, ஆள் எண்ணுவது விடியற்காலை, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், வேலையும் முடிந்தது. அதே பழக்கத்தில் எண்ணெயையும் குளிரில் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட்டேன். எஞ்சினுக்கு வேலையே சூட்டில் அல்லவா. ஹேண்டில் லேசாகச் சுற்றுகிறது என்று சந்தோஷப்பட்ட எனக்கு இருபது வருடம் லாரி ஓட்டியவன் என்று பெயர்.

புரட்டாசி 9, வியாழன்

வெயில். காலையில் ஒரு யோசனை. கதவுக் கீலுக்கு விடும் சின்னக் குப்பியில் யுத்தத்துக்கு முந்தைய அசல் எண்ணெய் ஒரு சிரட்டை அளவு இருக்கிறது. நாலு வருடமாக இந்த எஞ்சின் குடித்தது அதைத்தான். அதையே அளவுகோலாக வைத்தால்?

மாணிக்கம் சிரட்டையில் ஆணியால் ஒரு துளை போட்டான். ஒவ்வொரு எண்ணெயையும் மரத்தில் பால் பிடிக்கிற மங்கில் ஊற்றி, கொதிக்கிற தண்ணீரில் ஒரே நேரம் வைத்து, சிரட்டை வழியாக ஓட விட்டோம். நான் எண்ணினேன். சிரட்டை காலியாகும் வரை:

அசல் 40
தே.எ. 17 (தண்ணீரேதான்)
வி.எ. 52
பாதிக்குப் பாதி 29. நேற்று தட்டியதற்கு இதுவே சாட்சி.
வி.எ. மூன்று பங்கு, தே.எ. ஒரு பங்கு 42

மூன்று தடவை எண்ணினேன். 42, 41, 42. பேரிங் தேய்ந்த கிழட்டு எஞ்சினுக்கு அசலைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருப்பதே நல்லது. முடிவு செய்தாயிற்று.

ஆனால் காலையில் ஹேண்டில் சுற்றாதே? அதற்கு மாணிக்கம்தான் வழி சொன்னான்.

"ராவுல வடிச்சு வச்சிருவோம் மச்சான். காலைல அடுப்புல சுட வச்சு ஊத்துனா என்ன?"

இவன் இத்தனை நாள் இந்த மூளையை எங்கே வைத்திருந்தான்!

மத்தியானம் இந்தக் கணக்கில் கலந்து சூடாக்கிய எண்ணெயோடு ஆறு மைல். முள் நின்ற இடத்தில் நின்றது. தட்டவில்லை. என்னை அறியாமல் பாடிக்கொண்டு வந்தேன். மாணிக்கம் பாட்டைத்தான் நிறுத்தச் சொன்னான்.

புரட்டாசி 10, வெள்ளி

தூறல். ஜப்பான்காரன் மாற்றி வைத்த ஆபீஸ் கடிகாரத்தில் டோக்கியோ நேரம் எட்டு, நம் கண்ணுக்கு இன்னும் விடியவில்லை. அதிகாரி வந்தபோது லாரிக்குப் பக்கத்தில் மாணிக்கம் அடுப்பு மூட்டி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஏதோ பலகாரம் என்று நினைத்தானோ என்னவோ, குனிந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். கிராணி மலாயில் விளக்கினார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஊற்றினோம். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

வழியெல்லாம் நான் சாலையைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். ஜெராய் மலை முழுக்க மேகம். குருணுக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கிழங்கு பாரம், பின்னால் கரியடுப்பு, பக்கத்தில் அதிகாரியின் வாள். முள் கொஞ்சம் ஆடியது, நின்றது. ஏறிவிட்டோம். கண்ணில் தண்ணீர் வந்தது. கரிப்புகை என்று துடைத்துக்கொண்டேன். புகை இல்லை.

ஸ்டேஷனில் கிழங்கை இறக்கித் திரும்பி வந்தோம். அதிகாரி எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி, காது வைத்துக் கேட்டான். பிறகு என்னையும் மாணிக்கத்தையும் விரலால் காட்டி கிராணியிடம் இரண்டு வார்த்தை.

கிராணி எங்களைப் பார்த்து, "தினமும் எண்ணெ காய்ச்ச ஒரு ஆளு, ஓட்ட ஒரு ஆளு. ரெண்டு பேரும் இங்கயே இருக்கணும்னு சொல்றான். போங்கடா, பொழச்சீங்க."

எங்கள் கண் முன்னாலேயே பட்டியலை எடுத்து இரண்டு பெயரையும் கோடு போட்டு அடித்தார். மாணிக்கம் அங்கேயே குந்திவிட்டான். இப்படி ஒரு நிம்மதி என் கல்யாணத்தன்று கூட இல்லை.

சரசு தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நனைத்துவிட்டது. நனைக்கட்டும்.

மேலே சொன்னதில் ஒன்று விட்டுவிட்டேன். கோடு போட்ட பிறகு கிராணி பேனாவைக் கீழே வைக்கவில்லை. நாற்பது பேர் வேண்டும், முப்பத்தெட்டுதான் இருக்கிறது. பெரட்டுப் புத்தகத்தைத் திறந்து, பெயர்களின் மேல் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை. மாணிக்கத்தை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சரசு கிழங்கு அவித்திருந்தாள். பசி. மூன்று துண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.