மரம் விழாத பாதை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலையும் என் தொண்டையையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள், அதுவும் விடுமுறைக்குக் கிளம்பும் அளவுக்குச் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன், சந்தோஷம். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இந்த வருஷம் லீவே கிடையாதும்மா, மூச்சு விட நேரமில்லை என்றாய். நானும் அதை நம்பி, உன் ஆபீஸ்காரர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தபடியே பாத்திரம் கழுவினேன். பாவம், அவர்களை வீணாகத் திட்டிவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் கூரை மறுபடி ஒழுகியது, ஏறாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி அடைத்துவிட்டு வந்தார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். வீட்டை விற்றுவிட்டு உங்கள் பக்கத்தில் ஒரு பிளாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நீ சொல்ல, முடியாது என்று அவர் சொல்ல, பேச்சு முற்றி, இனிமேல் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன் என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய் அல்லவா, அன்றிலிருந்து இந்த வீட்டில் எது உடைந்தாலும் அவர் வெளியாளைக் கூப்பிட விடுவதில்லை. காட்டுப் பாதைகளில் மரத்துக்கு மரம் மஞ்சளில் வழி அடையாளம் அடிக்கிற வேலையையும் விடவில்லை, பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாகக் காலையில் போனால் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வருகிறார், வந்ததும் எனக்குப் பசியில்லை என்று பொய் சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிடுகிறார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் நடைபயணிகளுக்குத் தகவல் சொல்கிற ஆபீஸ் இருக்கிறதே, அங்கே கவுண்டரில் உட்காருகிறேன். இதை உன்னிடம் போனில் சொன்னேன், நீ ம்ம் என்றாய், அந்த ம்ம்மை வைத்தே உன் காதில் விழவில்லை என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வரைபடம் கொடுப்பது, வாளியில் நிற்கும் வாடகைக் கைத்தடிகளைத் துடைத்து வைப்பது, தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பாதை சொல்வது, இவ்வளவுதான் வேலை. மேனேஜருக்கு நாங்கள் குடை என்று பெயர் வைத்திருக்கிறோம், கொளுத்துகிற வெயிலிலும் குடையில்லாமல் வரமாட்டார், மற்றபடி தங்கமான மனிதர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணி அடித்தது, எடுத்தேன், ஆபீஸ் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னேன். வணக்கம் மேடம் என்றது நீதான்.

எனக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது வாஸ்தவம். அந்தச் சாக்கை உனக்காக நானே தேடிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் நீ ஒரு தும்மல் போட்டாலும் அடுத்த அறையிலிருந்து அது நீதான் என்று சொல்வேனே நான். குடும்பத்தோட வர்றோம் மேடம், ஏரிக்கரை ஹோட்டல்ல ரூம் போட்டாச்சு, சின்னப் பொண்ணு இருக்கா, சுலபமா நடக்கிற மாதிரி ரெண்டு மூணு பாதை சொல்லுங்க என்றாய். மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை, இந்தப் பக்கம் நாங்கள். ஒரு வேளை நம்மைத் திடீரென்று வந்து அசத்தப் பார்க்கிறான் என்று என் பைத்தியக்கார மனசு துள்ளியது. வாயைத் திறந்து டேய் என்று கூப்பிடப் போனேன். அதற்குள் நீயே கேட்டாய், அந்த மரப்பாலத்துப் பாதை ரொம்ப அழகா இருக்கும், ஆனா அது இப்பவும் ஊருக்குள்ளதான் வந்து இறங்குதா மேடம், ஊர்ப் பக்கமே வராத பாதையா இருந்தா சொல்லுங்க என்று.

அந்தப் பாதை எங்கே வந்து இறங்குகிறது என்று உனக்குத் தெரியாதா. நம் வீட்டுப் பின்வேலியை உரசிக்கொண்டு, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே வந்து இறங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் ஓடி வருவாய். என்ன பேசுகிறேன் என்று யோசிக்காமல், அந்தப் பாதையை மூடிட்டாங்க சார், பெரிய மரம் விழுந்து கிடக்கு என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையை சார் என்று கூப்பிட்டேன். அப்பாடா, நல்லதாப் போச்சு என்று நீ சிரித்தாய். பிறகு நான் மற்ற பாதைகளைச் சொன்னேன், நீ தேங்க்ஸ் மேடம் என்று வைத்துவிட்டாய்.

போனில் சொன்னது மேடம் சொன்னது, இப்போது அம்மா சொல்கிறேன், கேட்டுக்கொள். ஏரியைச் சுற்றும் பாதை சமதளம்தான், ஆனால் கிழக்குக் கரையில் மழைக்குப் பிறகு நடைபாதைப் பலகை வழுக்கும், பிள்ளையின் கையை விடாதே. மலையுச்சியில் நிற்கும் பார்வைக் கோபுரத்துக்குப் போகும் பாதை ஆரம்பத்தில் சாதுவாக இருக்கும், கடைசி ஏற்றத்தில் பல்லைக் காட்டும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறலாம் என்று நினைக்காதே, உனக்கு இப்போது தொப்பை வேறு. குட்டை மலைதானே என்று இளக்காரம் வேண்டாம், இங்கே வழி தவறியவர்கள் எல்லாரும் அப்படி நினைத்தவர்கள்தான், பள்ளத்தில் இறங்கினால் உன் செல்போனும் உதவாது, மஞ்சள் அடையாளத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். அதை அடிப்பது யார் என்று உனக்கே தெரியும். முழுக் கால்சட்டை போட்டுவிடு, திரும்பி வந்ததும் பிள்ளையின் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா பார், மருமகளுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காது.

இனி அந்த மரத்தின் கதை. நான் போனில் சொன்னதைக் குடை கேட்டுக்கொண்டிருந்தார், அடடா, அப்ப அறிவிப்புப் பலகையில எழுதிடுங்க என்றார். பொய் என்று எப்படிச் சொல்வது, எழுதினேன். மறுநாள் ஆபீஸ் வழியாகப் போன உன் அப்பா பலகையைப் படித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே வீட்டுக்குப் போய், பெரிய ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார், மரத்தை அறுத்து வழிவிட. அந்தக் காலோடு மரப்பாலம் வரைக்கும், அதற்கு அப்பாலும், பாதை முழுவதும் தேடியிருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் வரை சேறோடு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். எவன்டி சொன்னான் மரம் விழுந்துச்சுன்னு, ஒரு கொப்புகூட விழல, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டுக் கதை அளக்கிறானுங்க என்றார். நான்தான் சொன்னேன் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மேடம், சார், ஊர்ப் பக்கமே வராத பாதை, அப்பாடா என்று நீ சிரித்தது, எதையும் விடவில்லை. உன் மேல் அவருக்குக் கோபம் வரட்டும் என்றுதான் சொன்னேன், எனக்கு ஒரு கூட்டாளி வேண்டியிருந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால், அப்படியே உட்கார்ந்திருந்தார். பேத்தி இப்ப எவ்வளவு உயரம் இருப்பா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீ அனுப்பிய படத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் வாசல் கதவில் கையை வைத்து இவ்வளவு இருப்பாள் என்றேன், அவர் இன்னும் கொஞ்சம் கீழே கையை வைத்து, இல்ல, இவ்வளவுதான் இருப்பா என்றார், எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. பார்க்காத பிள்ளையின் உயரத்துக்குச் சண்டை போடும் நிலையில் வைத்திருக்கிறாய் எங்களை.

நேற்று விடிந்ததும் பெயிண்ட் டப்பாவோடு போனார். மரப்பாலத்திலிருந்து நம் பின்வேலி வரைக்கும், வழக்கமான அடையாளத்துக்குக் கீழே, ஒவ்வொரு மரத்திலும் புதிதாக இரண்டு அடையாளம் அடித்துவிட்டு வந்திருக்கிறார், ஒன்று நான் சொன்ன உயரத்தில், ஒன்று அவர் சொன்ன உயரத்தில். குடை பார்த்தால் தலையில் கைவைத்துக்கொள்வார், பெரியவர்கள் கண்மட்டத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது விதி. உன்னிடம் ஒன்று எழுதச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னான்ல, மிதிக்க வேணாம், இந்தப் பாதை வாசலுக்கு வரல, வேலிப் பக்கமாத்தான் போகுது, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறப்ப வேலிகிட்ட கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லு.

அவர் மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் மன்னிக்கவில்லை. அப்பாடா என்ற அந்த வார்த்தை இன்னும் என் காதில்தான் இருக்கிறது, உன்னை நேரில் பார்க்காமல் அது போகாது. இருந்தாலும் இன்று காலை பலகையில் எழுதியதை நானே அழித்துவிட்டேன்.

நீயும் மருமகளும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் இது மனதார எழுதுவது. பிள்ளைக்குச் சரியான அளவில் ஷூ வாங்கு, வளர்கிற கால், போன வருஷத்து ஷூவைப் போட்டு நடக்கவைக்காதே. பாதை திறந்துவிட்டதா என்று கேட்க வேண்டுமானால் ஆபீசுக்கு மறுபடி போன் செய், எடுப்பது நான்தான். மேடம் என்று மட்டும் கூப்பிடாதே.

உன்னை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா