அப்பாவின் முதலை

அன்புத் தங்கைக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பத்தாறு வயதில், கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஓடும் பொம்மை ரயிலுக்காக நம் தம்பி டெட்லெஃபின் மண்டையை உடைத்துவிட்டேன்.

அப்பா முதலை என்று கூப்பிடுவாரே, அந்த நீளமூக்குப் பச்சை எஞ்சின், அதை இந்த வருடம் தண்டவாளத்தில் யார் வைப்பது என்று தொடங்கியது.

"மூத்தவன் நான்டா!"

"அப்பாவக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டினது யாரு? நீ மியூனிக்ல பீர் குடிச்சிட்டிருந்த!" என்று என் கழுத்தைப் பிடித்தான். ஒரு குத்தில் என் முன்பல் போனது. கையில் முதலை இருந்தது, ஓங்கி அடித்தேன். மரத்தோடு சாய்ந்து, உடைந்த அலங்காரக் கண்ணாடி உருண்டைகள் மேல் முகம் குப்புற விழுந்தான்.

மருத்துவமனையில் போலீஸ்காரி கேட்டாள்: "எதால அடிச்சீங்க?"

"முதலையால."

"கொஞ்சம் ஊதுங்க," என்று குடியைச் சோதிக்கும் குழாயை நீட்டினாள்.

அவனுக்குப் பதினான்கு தையல். இடது கண் பிழைக்குமா என்று நாளைதான் தெரியும். என் குரல் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். நீ வந்து பேசு.

சாட்சிப் பொருளாகப் பையில் போடுமுன் போலீஸ்காரி எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "பொம்மை ரயில் மன்றத்தின் உடைமை. 1974 ஜனவரி 6க்குள் திருப்பித் தரவும்."

உன் பொக்கைவாய் அண்ணன்